கொண்டோவா, டவுன்ஹவுஸா: அக்காவும் அத்தானும் போட்ட ஓய்வுக்காலக் கணக்கு

பெரிய வீட்டை விற்றுவிட்டுச் சின்னதாக ஒன்றுக்குப் போய்விடுவது என்று அக்காவும் அத்தானும் தீர்மானித்து ஒன்றரை வருடம் ஆகிறது. கனடாவின் ரொறன்ரோ நகரத்துக்குள் இருக்கும் ஸ்காபரோவில் நான்கு படுக்கையறை வீடு. பிள்ளைகள் இருவரும் தனித்தனியே போய்விட்டார்கள். மேல்மாடியில் இரண்டு அறைகளைத் திறப்பதே தூசி தட்டுவதற்குத்தான். அத்தானுக்கு 67, அக்காவுக்கு 64. விற்பது என்பதில் சண்டை இல்லை. எதை வாங்குவது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

அத்தானுக்கு டவுன்ஹவுஸ் வேண்டும். பின்வளவில் நாலு தக்காளிச் செடி வைக்க வேண்டும். "மாதம் 600 டொலரைச் சும்மா தூக்கிக் கொடுக்க நான் தயாரில்லை" என்பது அவருடைய கட்சி. அக்காவுக்குக் கொண்டோ வேண்டும். இன்னொரு பனிக்காலம் சவளோடு வாசலில் நிற்க முடியாது, இனிப் படி ஏறவும் முடியாது என்பது அவருடைய கட்சி. எனக்குக் கணக்குப் பார்க்கிறவன் என்று ஒரு பெயர் இருப்பதால் நடுவராகப் பிடித்து உட்கார வைத்தார்கள். ஒரு கொப்பியின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் கொண்டோ, வலப்பக்கம் டவுன்ஹவுஸ் என்று எழுதினேன். அந்தக் கோடே பிழை என்பது இரண்டாவது வாரத்தில் தெரிந்தது.

பேச்சுவழக்கில் கொண்டோ என்றால் உயர்ந்த கட்டடம், டவுன்ஹவுஸ் என்றால் வரிசை வீடு. ஒன்ராறியோச் சட்டத்துக்குக் கட்டடத்தின் உருவத்தைப் பற்றிக் கவலை இல்லை. 1998ஆம் ஆண்டின் கொண்டோமினியம் சட்டத்தின் கீழ் பதிவாகியிருந்தால் 40 மாடியும் கொண்டோதான், தக்காளிச் செடி வைக்கிற வரிசை வீடும் கொண்டோதான். ஆகவே டவுன்ஹவுஸ் என்று விளம்பரத்தில் வருவது மூன்று வேறு பிராணிகள். ஒன்று, ஃபிரீஹோல்ட்: நிலம், சுவர், கூரை, அந்தக் கூரையில் வரும் ஓட்டை எல்லாம் உங்களுடையவை. இரண்டாவது, கொண்டோ டவுன்ஹவுஸ்: கூரையும் வெளிச்சுவரும் யன்னலும் பெரும்பாலும் நிர்வாகத்தின் பொறுப்பு, அதற்கு மாதக் கட்டணம். மூன்றாவதை முகவர்கள் ‘பொட்டல்’ என்கிறார்கள். நாலு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்த பெயர், பொட்டல் காட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வீடும் அது நிற்கும் நிலமும் உங்களுடையவை. ஆனால் உள்வீதி, விருந்தினர் தரிப்பிடம் போன்றவை பொதுச் சொத்து, அவற்றுக்கு ஒரு சின்ன மாதக் கட்டணம்.

அத்தான் பார்த்து மயங்கிய முதல் வீடு இந்த மூன்றாவது வகை. விளம்பரத்தில் ஃபிரீஹோல்ட் என்று பெரிய எழுத்து. அடியில், கண்ணாடி போட்டால் மட்டும் தெரிகிற எழுத்தில் மாதம் 165 டொலர். அந்தக் காசுக்கு வீதியில் பனி தள்ளுவார்கள். அத்தானின் கார் நிற்கும் இடத்தில் தள்ள மாட்டார்கள். கூரைக்கு ஒரு ஆணிகூட அடிக்க மாட்டார்கள். அந்த வீட்டில் கட்டணமும் உண்டு, சவளும் உண்டு. அன்றைக்கு அத்தான் முதல் தடவையாகக் கொப்பியைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

வாசலைத் தாண்டும் செலவு

வாங்குகிற விலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இருக்கிற வீட்டை விட்டு வெளியே வருவதற்கு ஆகும் செலவைப் பற்றிப் பேசுகிறவர் குறைவு. கணக்குக்கு வசதியாக அக்காவின் வீடு ஒரு மில்லியனுக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டோம். முகவர் தரகு பேசித் தீர்க்க வேண்டிய விடயம், ஆனால் இங்கே வழக்கமாகக் கேட்கப்படுவது 5 சதவீதத்தை ஒட்டித்தான். அது 50,000. அதன் மேல் 13 சதவீத விற்பனை வரி 6,500. விற்கவும் வாங்கவும் சட்டத்தரணிக்கு 4,000, லொறிக்கும் கை உதவிக்கும் 3,000 என்று போட்டோம். குடியிருந்த ஒரே வீடு என்பதால் விற்ற லாபத்துக்கு வரி இல்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் 2016இலிருந்து, விற்ற ஆண்டின் வரிப் படிவத்தில் அந்த விற்பனையை அறிவித்தே ஆக வேண்டும்.

அடுத்தது நில உரிமை மாற்ற வரி. ஒன்ராறியோ மாகாணம் முதல் 55,000 டொலருக்கு அரை சதவீதம், அங்கிருந்து 250,000 வரைக்கும் 1 சதவீதம், 400,000 வரைக்கும் ஒன்றரை, அதற்கு மேல் 2 மில்லியன் வரை 2 சதவீதம் அறவிடுகிறது. 600,000 டொலர் வீட்டுக்கு இது 8,475. அதே வீடு ரொறன்ரோ நகர எல்லைக்குள் இருந்தால், 2008இலிருந்து தன் பங்குக்கும் வரி போடும் நகரம் இப்போது அதே அளவு வாங்குகிறது. ஆக 16,950. வீதியின் ஒரு பக்கம் ஸ்காபரோ, மறுபக்கம் மார்க்கம் என்றால், குறுக்கே நடந்து போவதற்கு 8,475 டொலர். முதல் வீடு வாங்குகிறவர்களுக்குச் சலுகை உண்டு. 30 வருடம் வீட்டுக்காரராக இருந்தவர்களுக்கு இல்லை.

அக்கா பார்த்தது ரொறன்ரோவுக்குள் 600,000 டொலர் கொண்டோ, 800 சதுர அடி. அத்தான் பார்த்தது ஏஜாக்ஸில் 750,000 டொலர் ஃபிரீஹோல்ட் டவுன்ஹவுஸ். அங்கே மாகாண வரி மட்டும், 11,475. எல்லாச் செலவும் கழித்துப் பார்த்தால், கொண்டோ வாங்கினால் கையில் மிஞ்சுவது ஏறக்குறைய 319,000. டவுன்ஹவுஸ் வாங்கினால் 175,000. இரண்டு வழியிலும் முக்கால் இலட்சம் அளவிலோ அதற்கு மேலோ காற்றோடு போகிறது. அதனால்தான் ‘இதற்குப் போய்ப் பார்ப்போம், சரிவராவிட்டால் மாறலாம்’ என்ற பேச்சை நான் முளையிலேயே கிள்ளினேன். இன்னொரு தடவை மாறுவதென்றால் இன்னொரு தடவை இதே மொய்.

‘சும்மா கொடுக்கிற’ 640 டொலர்

கொண்டோவின் பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 80 சென்ட், மாதம் 640. அத்தானின் கோபம் முழுவதும் இந்த ஒரு எண்ணின் மேல்தான். அது எங்கே போகிறது என்று பார்க்கும்படி கேட்டேன். அந்தக் கட்டடத்தில் தண்ணீரும் வெப்பமும் அதற்குள் அடக்கம். கட்டடக் காப்புறுதி, பனி, புல், கூடத்து விளக்கு, லிப்ட், குப்பை, காவலர், இவற்றோடு கூரையும் யன்னலும் வருங்காலத்தில் மாற்றுவதற்கான சேமநிதி. இதற்கு மேல் அக்கா தனியாக எடுக்க வேண்டிய உள்வீட்டுக் காப்புறுதி 45 டொலர் அளவில். ஆக 685.

இப்போது டவுன்ஹவுஸ். அத்தானின் பார்வையில் அங்கே கட்டணம் பூச்சியம். நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"கூரை மாற்ற எவ்வளவு?"

"ஒரு 8,000 வரும். ஆனால் 20 வருடத்துக்கு ஒரு தடவைதானே!"

"அப்படியானால் வருடம் 400. வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸும் ஏசியும்?"

"பத்தாயிரம். 15 வருடம் ஓடும்."

"வருடம் 667. யன்னல், கதவு?"

பதில் வர நேரம் எடுத்தது. 25 வருடத்துக்கு 15,000 என்று நாங்களே எழுதினோம், வருடம் 600. வேலி, தாரிட்ட வாசல், சில்லறை வேலைகளுக்கு வருடம் 300. கூட்டி 12ஆல் பிரித்தால் மாதம் 164. அத்தானே மண்வெட்டியும் சவளும் பிடிக்கிற வரைக்கும் பனி, புல் இலவசம். பிடிக்க முடியாத நாளில் ஆள் வைத்தால் மாதச் சராசரி 100. தண்ணீர் 80, எரிவாயு 100, முழு வீட்டுக் காப்புறுதி 130. மொத்தம் 574.

மின்சாரம் இரண்டு பக்கமும் உண்டு என்பதால் விட்டுவிட்டோம். சொத்து வரியை விட முடியாது. ஒன்ராறியோவில் இன்னமும் 2016ஆம் ஆண்டு ஜனவரி மதிப்பீட்டின் மேல்தான் வரி போடுகிறார்கள். ரொறன்ரோவின் வரி விகிதம் ஏஜாக்ஸ் இருக்கும் டர்ஹம் பகுதியை விடக் குறைவு. கொண்டோவுக்கு மாதம் 230, டவுன்ஹவுஸுக்கு 420 என்று வந்தது. ஆகக் கொண்டோ 915, டவுன்ஹவுஸ் 994. இவை எங்கள் கொப்பியின் எண்கள். வேறு கட்டடத்துக்கு வேறு எண்கள் வரும். ஆனால் ‘கட்டணம் இல்லை’ என்று சொன்ன வீடு மலிவாக முடியவில்லை என்பதைப் பார்த்ததும் அத்தான் எழுந்து தேநீர் போடப் போய்விட்டார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் இடையில் கையில் மிஞ்சும் தொகையின் வித்தியாசம் 144,000க்கு மேல். அதை 3 சதவீத வட்டிக்குப் போட்டாலே மாதம் 360 டொலர் வருகிறது. விலை குறைந்த வீட்டில் கட்டணம் இருக்கிறது என்று அழுகிறவர்கள், விலை கூடிய வீட்டுக்குள் முடங்கிப்போன காசின் வட்டியை எழுதுவதில்லை.

இதைச் சொன்ன பிறகு அத்தான் ஒரு நல்ல கேள்வி கேட்டார். "கையில் காசில்லாத வருடம் கூரையை அடுத்த வருடம் போடலாம் என்று நான் முடிவெடுக்கலாம். கொண்டோவில் முடியுமா?" முடியாது. அதுதான் இந்த ஒப்பீட்டின் நடு முடிச்சு என்று நினைக்கிறேன். ஃபிரீஹோல்டில் செலவைத் தள்ளிப்போடும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. கொண்டோவில் அது நிர்வாக சபையிடம் இருக்கிறது. நீங்கள் கட்டணத்தைக் கட்டத் தவறினால் உங்கள் அலகின், அதாவது கட்டடத்தில் உங்களுக்குச் சொந்தமான வீட்டின், மேல் நிர்வாகத்துக்குப் பற்றுரிமை, அதாவது பாக்கிக்கு அதைப் பிடித்துவைக்கும் உரிமை, வந்துவிடும். சட்டச் செலவும் அதில் ஏறும். வங்கியின் அடமானத்துக்கும் முன்னால் அது வரிசையில் நிற்கும். ஆனால் தள்ளிப்போடும் அதிகாரத்தை எல்லோரும் நன்றாகப் பயன்படுத்துவதில்லை. அத்தான் தன் இப்போதைய வீட்டுக் கூரையை ஐந்து வருடம் தள்ளி, கடைசியில் படுக்கையறைக் கூரைத்தளத்தையும் சேர்த்து மாற்றினார். அதை அக்கா ஞாபகப்படுத்தினார். நான் வாய் திறக்கவில்லை.

‘தவிர’ என்ற சொல்

கட்டணம் இன்றைக்கு எவ்வளவு என்பதை விட எப்படி ஏறுகிறது என்பதுதான் ஓய்வூதியக்காரருக்கு முக்கியம். ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் 14 ஆண்டில் 640 ஏறக்குறைய 1,270 ஆகிவிடும். கனடா ஓய்வூதியத் திட்டமான சி.பி.பி. ஆண்டுக்கொரு தடவையும், முதியோர் கொடுப்பனவான ஓ.ஏ.எஸ். காலாண்டுக்கொரு தடவையும் விலைவாசிக்கேற்ப ஏறுகின்றன. விலைவாசி 2 சதவீதமே ஏறினால் அதே 14 ஆண்டில் ஓய்வூதியம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கும். அத்தானுக்கு அப்போது 81 வயது. கூரைக்காரரின் கூலியும் ஏறும் என்பது உண்மைதான். ஆனால் லிப்டும் நிலக்கீழ் தரிப்பிடமும் பழசாகிற வேகத்தில் அது ஏறாது.

கட்டணம் குறைவான கட்டடத்தைக் கண்டால் அக்காவுக்கு வாயெல்லாம் பல். எனக்கு வயிற்றில் புளி கரைக்கும். 12 வருடக் கட்டடத்தில் சதுர அடிக்கு 50 சென்ட் என்றால், எதற்கோ காசு சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்கிற வழி, கட்டடத்தின் நிதி நிலையை நிர்வாகம் எழுதித் தரும் நிலைச் சான்றிதழ், இங்கே எல்லோரும் ‘ஸ்டேட்டஸ் சேர்ட்டிபிகேட்’ என்று சொல்வது. வரியோடு சேர்த்து 100 டொலருக்கு மேல் வாங்கக் கூடாது, கேட்டு 10 நாளுக்குள் தர வேண்டும் என்பது சட்டம். அதை உங்கள் சட்டத்தரணி படித்துத் திருப்திப்படும் வரைக்கும் ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது என்ற நிபந்தனையோடுதான் விலை கேட்க வேண்டும். போட்டியில் வீடு கைநழுவிவிடும், நிபந்தனையை எடுத்துவிடுங்கள் என்று முகவர் சொன்னால் அந்த வீடு நழுவிப் போகட்டும். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை.

அக்கா ஆசைப்பட்ட அந்த 600,000 டொலர் கொண்டோவின் சான்றிதழ் ஒரு வியாழக்கிழமை மின்னஞ்சலில் வந்தது. இணைப்புகளோடு 200 பக்கத்துக்கு மேல். சட்டத்தரணியிடம் போவதற்கு முன் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு நாங்களே படித்தோம். கட்டண நிலுவை இல்லை. வழக்கு இல்லை. வரவு செலவு சரி. அத்தான் விரலை வரியின் கீழ் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தார். கட்டணம் உயரக்கூடிய காரணம் எதுவும் நிர்வாகத்துக்குத் தெரியாது என்று சொல்லும் வழக்கமான வசனம் வந்தது. அக்கா பெருமூச்சு விட்டார். அத்தானின் விரல் நிற்கவில்லை. வசனம் அங்கே முடியவில்லை. ‘தவிர’ என்று தொடர்ந்தது. நிலக்கீழ் தரிப்பிடத்தின் நீர்த்தடுப்புப் படலத்தையும் கொங்கிறீற்றையும் பழுதுபார்ப்பது பற்றிப் பொறியியலாளரின் அறிக்கை கிடைத்திருக்கிறது, மதிப்பீடு 2.4 மில்லியன். சேமநிதியில் இருப்பது 800,000. பொதுச் செலவில் அக்கா பார்த்த அலகின் பங்கு 0.6 சதவீதம்.

பற்றாக்குறை 1.6 மில்லியன், அதில் 0.6 சதவீதம் 9,600 டொலர். விசேட அறவீடு என்று ஒரேயடியாகவும் கேட்கலாம், கட்டணத்தை ஏற்றிச் சில வருடத்தில் பிரித்தும் எடுக்கலாம், கட்டடத்தின் பெயரில் கடன் வாங்கவும் செய்யலாம். எப்படிச் சுற்றினாலும் அந்தக் காசு அக்காவுடையது.

தரிப்பிடம் ஏன் இப்படிக் கெடுகிறது என்று அக்கா கேட்டார். குளிர்காலத்தில் வீதியில் கொட்டுகிற உப்புத்தான். கார்ச் சக்கரத்தோடு உள்ளே வந்து, உருகிய பனியோடு கொங்கிறீற்றுக்குள் இறங்கி, உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் தின்கிறது. எங்கள் கொண்டோக்களில் எல்லாவற்றையும் விடப் பெரிய பழுதுச் செலவு பெரும்பாலும் மண்ணுக்குக் கீழேதான் பிறக்கிறது. ஆகவே இப்போதெல்லாம் ஒரு கட்டடத்தைப் பார்க்கப் போனால் வரவேற்புக் கூடத்துச் சோபாவைப் பார்ப்பதில்லை. நேரே தரிப்பிடத்துக்குப் போய் மேல்தளத்தில் வெள்ளைக் கோடுகளும் துருக் கறைகளும் தொங்குகின்றனவா என்று பார்க்கிறேன். நீச்சல் தடாகம் இருந்தால் ஒரு புள்ளி கழிக்கிறேன். குளிக்கிறவர் நாலு பேர், கட்டுகிறவர் எல்லோரும்.

சேமநிதி ஆய்வை மூன்று ஆண்டுக்கொரு தடவை புதுப்பிக்க வேண்டும், குறைந்தது 30 ஆண்டை முன்னோக்கிப் பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த ஆய்வின் சுருக்கம் சான்றிதழோடு வரும். அடுத்த பத்து வருடத்தில் எந்த ஆண்டு நிதி அடிமட்டத்துக்கு இறங்குகிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 75 வயதாகும் ஆண்டாக அது இருக்கலாம்.

கொண்டோக் காப்புறுதியில் இன்னொரு பொறி இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த ஒருவரின் சலவை இயந்திரக் குழாய், அவர் வெளியே போயிருந்தபோது வெடித்தது. கீழே இரண்டு வீட்டுக்குத் தண்ணீர் இறங்கியது. கட்டடத்துக்குக் காப்புறுதி இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தார். கட்டடத்தின் காப்புறுதியில் நிர்வாகம் முதலில் தன் கையால் போட வேண்டிய தொகை 25,000. ஓர் அலகின் சொந்தக்காரருடைய செயலாலோ கவனக்குறைவாலோ சேதம் வந்தால் திருத்தச் செலவு, அந்தக் கைத்தொகை ஆகிய இரண்டில் எது குறைவோ அதை அவர் தலையில் கட்டச் சட்டமும் கட்டடத்தின் விதிகளும் சேர்ந்து இடம் கொடுக்கலாம். மாதம் பத்து டொலர் மிச்சம் பிடிக்க அவர் தன் சொந்தக் காப்புறுதியில் அந்தப் பகுதியை எடுக்காமல் விட்டிருந்தார்.

அத்தானின் முழங்கால்

தரிப்பிடச் செய்திக்குப் பிறகு அத்தானின் கை ஓங்கியது. அடுத்த ஞாயிறு அவருடைய ஏஜாக்ஸ் டவுன்ஹவுஸுக்குப் போனோம். புதிய வகை: கீழ்த்தளத்தில் கார்க் கொட்டகையும் ஒரு சின்ன அறையும், நடுத்தளத்தில் சமையலறையும் கூடமும், மேல்தளத்தில் படுக்கையறைகள். வாசலில் நாலு படி. உள்ளே கீழிருந்து சமையலறைக்கு 14. அங்கிருந்து படுக்கைக்கு 14. அக்கா எண்ணிக்கொண்டே ஏறினார். அத்தான் எண்ணவில்லை, ஆனால் இரண்டாவது ஏற்றத்தில் கைப்பிடியைப் பிடித்த கையை அவர் கடைசி வரை விடவில்லை. முகவர் "நல்ல உடற்பயிற்சி" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

படி என்பது விலைச்சீட்டில் வராத செலவு. முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஆறு வாரம் கீழ்த்தளத்துச் சின்ன அறையில் படுக்கலாம், ஆனால் குளியலறை மேலே. படியேற்றும் நாற்காலி பொருத்தலாம். நடுவில் வளைகிற படிக்கு அதன் விலை நேர்ப்படிக்கு ஆவதை விட மிகவும் கூட. 65 வயதைக் கடந்தவர் வீட்டை உடம்புக்கு ஏற்றபடி மாற்றினால் ஆண்டுக்கு 20,000 டொலர் வரையான செலவுக்கு மத்திய அரசின் வரிச் சலுகை உண்டு. அது செலவில் ஒரு சிறு பகுதியைத்தான் திருப்பித் தரும். கீழ்த்தளத்திலேயே படுக்கையறையும் முழுக் குளியலறையும் இருக்கும் டவுன்ஹவுஸ் கிடைத்தால் என் எதிர்ப்பில் பாதி போய்விடும். அப்படிப்பட்டவை அபூர்வம், விலையும் அதற்கேற்றபடி. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய டவுன்ஹவுஸ் வகையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: கொண்டோவின் கட்டணம், டவுன்ஹவுஸின் படி.

மிச்சக் காசும் முதியோர் கொடுப்பனவும்

இது எங்களைப் போல் நடுவயதில் வந்து இறங்கியவர்களுக்கு முக்கியம். ஓ.ஏ.எஸ். முழுமையாகக் கிடைக்க 18 வயதுக்குப் பிறகு 40 ஆண்டு கனடாவில் வசித்திருக்க வேண்டும். ஆண்டுக்கு நாற்பதில் ஒரு பங்கு, குறைந்தது 10 ஆண்டு. 32 வயதில் வந்தவருக்கு 65இல் நாற்பதுக்கு முப்பத்துமூன்றுதான். வருமானம் குறைந்தவர்களுக்கு இதன் மேல் ஜி.ஐ.எஸ். என்ற உபகொடுப்பனவு உண்டு. அது சொத்தைப் பார்ப்பதில்லை, வருமானத்தைப் பார்க்கிறது. ஒரு மில்லியன் வீட்டுக்குள் இருந்தாலும் ஜி.ஐ.எஸ். கிடைக்கலாம். அந்த வீட்டை விற்று மிஞ்சிய காசை வங்கியில் வைப்பிலிட்டால், வட்டி வருமானமாகிறது. டொலருக்கு ஏறக்குறைய 50 சென்ட் என்ற கணக்கில் ஜி.ஐ.எஸ். குறையலாம்.

அக்கா வீட்டில் நான் மேலே எழுதிய 360 டொலர் வட்டி இந்த ஓட்டையால் பாதியாகக் குறைந்துவிடலாம். வழி இருக்கிறது: வரியில்லாச் சேமிப்புக் கணக்கான டி.எஃப்.எஸ்.ஏ.க்குள் இருக்கும் வட்டி ஜி.ஐ.எஸ். கணக்கில் வராது. 2009இலிருந்து தகுதி பெற்று ஒரு சதமும் போடாத ஒருவருக்கு 2025 வரையில் 102,000 டொலர் இடம் சேர்ந்திருக்கிறது. கணவன் மனைவி இருவருக்கும் 204,000. டவுன்ஹவுஸில் மிஞ்சும் 175,000 முழுவதும் அதற்குள் அடங்கும், கொண்டோவில் மிஞ்சுவது முழுவதும் அடங்காது. ஆண்டுதோறும் கூடும் இடத்துக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். விற்பதற்கு முன் ஒரு கணக்காளரோடு அரை மணி நேரம் உட்காருவது நல்லது.

அக்காவிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த கணக்கு ஒன்று இருந்தது. கடைசியில் அவரே கேட்டார்: "இரண்டு பேரில் ஒருவர் போனால் எவ்வளவு வரும்?" போனவரின் ஓ.ஏ.எஸ். நின்றுவிடும். 65 வயதைக் கடந்த துணைக்குப் போனவருடைய சி.பி.பி.யில் அதிகபட்சம் 60 சதவீதம், அதுவும் தன் சொந்த சி.பி.பி.யோடு சேர்த்து ஓர் உச்ச வரம்புக்குள். பராமரிப்புக் கட்டணம் ஒருவருக்கும் அதேதான், இருவருக்கும் அதேதான். சொத்து வரியும் அப்படியே. ஆகவே எந்த வீடானாலும், மாதச் செலவை இரண்டு ஓய்வூதியத்தால் பிரித்துப் பார்க்கக் கூடாது. ஒன்றால் தாங்க முடியுமா என்று பார்க்க வேண்டும். அந்த வரியை எழுதியபோது அத்தான் யன்னல் பக்கம் திரும்பி இருந்தார்.

வேறு வழிகளையும் பார்த்தோம், சுருக்கமாக. புதிதாகக் கட்டப்படும் கொண்டோவுக்குக் கையெழுத்திட்ட பிறகு மனம் மாற 10 நாள் தருகிறார்கள், ஏழு ஆண்டு வரை கட்டமைப்பு உத்தரவாதமும் உண்டு. ஆனால் கட்டி முடியச் சில வருடம், குடிபோன பிறகும் உரிமை பதிவாகும் வரை ஒரு மாதக் கட்டணம். 67 வயதில் வரைபடத்தை வாங்க நான் சொல்ல மாட்டேன். வாடகைக்கு இருப்பதும் கெட்ட யோசனை இல்லை. ஆனால் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறப்பட்ட கட்டடங்களுக்கு மாகாணத்தின் வாடகை உயர்வு வரம்பு பொருந்தாது. பழைய கட்டடமாகப் பார்த்துப் போக வேண்டும். மகளின் வீட்டு நிலவறையை மாற்றிக்கொண்டு போகலாம் என்ற யோசனையை மகளே சொன்னார். அக்கா நன்றி சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்.

கடைசியில் கிடைத்தது 1990களின் தொடக்கத்தில் கட்டிய ஆறு மாடிக் கட்டடம், ஸ்காபரோவிலேயே. நீச்சல் தடாகம் இல்லை. இரண்டு லிப்ட், இரண்டும் சமீபத்தில் மாற்றியவை. தரிப்பிடம் நாலு வருடத்துக்கு முன் திருத்தியாகிவிட்டது. அந்த அறவீட்டை விற்கிறவர் கட்டிவிட்டுப் போகிறார். கட்டணம் 710, அக்கா முதலில் பார்த்ததை விட 70 டொலர் கூட. சான்றிதழில் ‘தவிர’வுக்குப் பின்னால் இரண்டே வரி, கூடத்துக் கம்பளம் பற்றி. சட்டத்தரணி இரண்டு கேள்வி கேட்டு, பதில் வந்ததும் சரி என்றார். பல்கனியில் இரண்டு தொட்டி வைக்கலாமா என்று அத்தான் கட்டட விதிகளில் தேடிப் பிடித்து, தண்ணீர் கீழே வடியாத தட்டு வைத்தால் வைக்கலாம் என்று கண்டுபிடித்தார்.

இரண்டாவது மாடி. கையெழுத்திடுவதற்கு முதல் நாள் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு அவசரப் படிக்கட்டில் இறங்கினார், தீ அலாரம் அடித்தால் லிப்ட் நின்றுவிடும் என்று. கீழே வந்ததும் கொப்பியைத் தரச் சொல்லி, டவுன்ஹவுஸ் பக்கத்தில் எழுதியிருந்த 32 படிக்கு எதிரே 18 என்று தானே எழுதினார்.